சிரம்பானில் விட்டுவந்தவள்

என் நாத்தனார் ராக்கம்மாவுக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன், அவள் காதுபடவே. ஆனால் அந்த நீளமான வாயில் ஒரு சொல் மட்டும் வந்ததே கிடையாது. எங்கே கிளம்பினாலும் 'போயிட்டு வாரேன்' என்பாளே தவிர, 'போறேன்' என்று சொல்லமாட்டாள். இதில் என்ன அதிசயம், நம்மில் யார்தான் அப்படிச் சொல்கிறோம் என்று கேட்பீர்கள். நாம் மனிதர்களிடம் சொல்லமாட்டோம். அவள் மாட்டிடம்கூடச் சொல்லமாட்டாள். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயைப் பார்த்து 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு வருகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். "குழாய் பதில் சொல்லிச்சா?" என்று கேட்டுக் கேலி செய்திருக்கிறேன்.

அவளும் என் புருஷன் தங்கராஜுவும் துறையூர்ப் பக்கத்திலிருந்து சின்னப் பிள்ளைகளாக மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர்கள். மந்தின் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில்தான் வளர்ந்தார்கள். தோட்டம் அவளுக்கு ஒட்டவேயில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பதும், வேலை வாங்கும் மண்டோரின் ஏச்சும், அட்டைக் கடியும் அவளை எரிச்சல்படுத்தின. அதனால் சிரம்பான் பட்டணத்து ஏரிப் பூங்காவில் தோட்டக்காரராக இருந்த அமிர்தலிங்கம் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. சிரம்பானா, சரி என்றாள். மனிதரைப் பிடித்துப்போனது அப்புறம்தான். ரொம்பவே பிடித்துப்போனது.

சிரம்பானின் தெமியாங் பகுதியில் ஒரு கடைவரிசையின் பின்னால் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்ன வீடு. அதன் வாசலில் அடுப்பு வைத்துக் காலையில் தோசை சுட்டு விற்றாள். சீனர்கள், மலாய்க்காரர்கள், ரயில்வே ஆட்கள் எல்லோரும் வாங்கித் தின்றார்கள். எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தால் அந்த ஊர்ப் பேச்சுதான். பசாரில் மீன் எப்படித் துள்ளும், ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றால் ஜன்னலில் எத்தனை விதமான முகங்கள் தெரியும், மழை விட்டதும் அவர் நட்ட கல்வாழை பூங்காவில் எப்படி நிற்கும் என்று அளந்துகொண்டே இருப்பாள்.

"உங்க தோட்டத்துல என்ன இருக்கு அண்ணி? மரம். அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு? மரம்" என்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன. பிறந்த ஊரைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. 'எங்க ஊரு' என்று அவள் சொன்னால் அது சிரம்பான்தான். கப்பலேறி வந்த இடத்தை ஒருத்தி இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாளா என்று என் புருஷனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரைமார்கள் ஓடிப்போனார்கள். முதல் வருஷம் எப்படியோ தள்ளினோம். அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். அரிசி தருவோம், சம்பளம் தருவோம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். அதற்கு மயங்காதவர்களைக் கண்ட இடத்தில் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அமிர்தலிங்கம் பூங்காவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே போடு என்றார்கள், போட்டார். ஏறு என்றார்கள், ஏறினார். அந்த லாரி தெமியாங் வழியாகத்தான் போனது. வீட்டுச் சந்து முனைக்கு வந்ததும் அவர் கூட்டத்துக்குள் எழுந்து நின்று, "ராக்கு! போயிட்டு வாரேன்!" என்று கத்தியிருக்கிறார். இவள் தோசைக் கரண்டியோடு தெருவுக்கு ஓடி வந்தாள். லாரி திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். "அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு, வருவாரு. வரும்போது நான் வீட்டுல இருக்கணும். பூட்டின வீட்டைப் பார்த்துட்டு அவரு எங்கே போவாரு?" என்பாள். அரிசி மறைந்தது, உளுந்து மறைந்தது, தோசைக்கல் துருப்பிடித்தது. சிரம்பானில் காசு கொடுத்தாலும் தின்னக் கிடைக்கவில்லை. எங்களுக்காவது தோட்டத்தில் மரவள்ளி நட மண் இருந்தது. என் புருஷன் மறைந்து மறைந்து போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். வரமாட்டேன் என்றாள். கடைசியில் ஒருமுறை அவர் போனபோது அவள் அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். அதற்குப் பிறகு அவர் அவளைக் கேட்கவில்லை, கையைப் பிடித்து எழுப்பினார். மச்சான் வந்தால் தோட்டத்துக்கு அனுப்பிவைக்கச் சொல்லி, தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருந்த நஸ்ருதீன் பாயிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

கிளம்புகிற அன்று அவள் பண்ணிய கூத்தை என் புருஷன் வந்து சொன்னபோது நான் சிரிக்கத்தான் செய்தேன். கதவைத் தொட்டு 'போயிட்டு வாரேன்' என்றாளாம். அடுப்பிடம் சொன்னாள். சந்து முனைக் குழாயிடம் சொன்னாள். காலியாகக் கிடந்த பசாரிடம், ரயிலே வராத ஸ்டேஷனிடம், சுற்று வழியாக அண்ணனை இழுத்துக்கொண்டு போய்ப் பூங்காவின் ஏரியிடம், களை மூடிக் கிடந்த கல்வாழைப் பாத்தியிடம் எல்லாம் நின்று நின்று சொன்னாள். சொன்னவள் ஒவ்வொரு இடத்திலும் பதிலுக்குக் காத்திருப்பவளைப்போலக் கொஞ்ச நேரம் நின்றாள். ஜப்பான் காவல்காரனின் கண்ணில் பட்டுவிடப்போகிறோம் என்று என் புருஷனுக்கு உயிரே போனது. "எல்லாத்துக்கிட்டயும் வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கா. இனி எப்படி இங்க நிலைப்பா?" என்று அலுத்துக்கொண்டார்.

அப்போது எங்கள் தோட்டமும் பழைய தோட்டமாக இல்லை. லயத்து வரிசை வீடுகளில் பாதி சயாமுக்குப் போனவர்களுடையவை. கதவுகள் சாத்திக் கிடந்தன. பால் எடுக்க மரம் வெட்ட ஆளில்லை, வெட்டச் சொல்லவும் ஆளில்லை. ரப்பர் மரங்களுக்கு அடியில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. உச்சி வெயிலில் ரப்பர் கொட்டைகள் மேலே பட்பட்டென்று வெடித்துச் சிதறும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது, ஆள் சத்தம் அவ்வளவு இருக்கும். இப்போது ஒவ்வொரு வெடிப்புக்கும் நெஞ்சு தூக்கிவாரிப் போட்டது. சாத்தின வீட்டுக்குள் யாரோ விரலைச் சொடுக்குகிறார்கள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ராக்கம்மா வந்து கொஞ்ச நாளிலேயே அந்த வழக்கம் தொடங்கியது. மத்தியானம் மரவள்ளிக் காட்டிலிருந்து திரும்பியதும், கஞ்சிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து உட்காருவாள். கண் திறந்தே இருக்கும். ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்காது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஈ உட்கார்ந்தாலும் இமை அசையாது. பொழுது சாயும்போது பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து, நெடுந்தூரம் நடந்து வந்தவள்போலக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். பட்டினி மயக்கம் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் எல்லோருக்குமே கண்ணை இருட்டிக்கொண்டுதானே வந்தது.

ஒருநாள் காலை நஸ்ருதீன் பாய் கருவாடு விற்கச் சைக்கிளில் வந்தார். கடையை மூடிவிட்டுத் தோட்டம் தோட்டமாக அலைந்து பிழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் ராக்கம்மாவைப் பார்த்ததும் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, நீங்க எப்ப இங்க வந்தீங்க?"

"நான் வந்து எவ்வளவு நாளாச்சு பாய். அண்ணன்தானே கூட்டிட்டு வந்தாரு" என்றாள் அவள்.

"இல்ல லா. நேத்து மத்தியானம் உங்க வீட்டு வாசல்ல நின்னீங்களே. தண்ணி தெளிச்சிட்டு இருந்தீங்க. 'வெயில்ல அலையாதீங்க பாய்'னு என்கிட்ட சொன்னீங்க. நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். சாவி உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னுதான் புரியல. என் பெட்டியில இருக்கு, போய்ப் பார்த்தேன். ஆனா கதவு திறந்து கிடந்துச்சு."

முந்திய நாள் மத்தியானம் அவள் என் கண்ணெதிரே நிலையில் சாய்ந்துகிடந்தாள். அதை நான் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அங்க பார்த்தவங்க நல்லா இருந்தாங்க. பழைய மாதிரி பூசினாப்புல. இந்த அக்கா என்ன இப்படி எலும்பா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கருவாடு விற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை. சைக்கிளை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் பயப்படவில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போலவும் இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாள், அவ்வளவுதான்.

"ஆமா அண்ணி. உட்கார்ந்தா அங்கே இருக்கேன். எப்படின்னு கேட்காதீங்க, எனக்கே தெரியாது. வீட்டைக் கூட்டறேன், விளக்குத் துடைக்கறேன். பசார் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாரேன். எல்லாத்துக்கிட்டயும் வாரேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"நீ என்ன பேயா?" என்று கத்திவிட்டேன்.

"பேய் செத்தாத்தானே அண்ணி ஆகும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அவள் கன்னத்தில் சிரிப்பதற்குச் சதையே இல்லை.

அதற்கப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் கஞ்சி குடிப்பதே இல்லை. ஆனால் கிண்ணம் காலியாகிவிடும். கோழியா, நாயா என்று பார்த்தேன், லயத்தில் கோழியும் நாயும் எப்போதோ தீர்ந்துபோயிருந்தன. ஒருநாள் கிண்ணத்தின் மேல் தட்டை மூடிவைத்துவிட்டு, அதன் மேல் என் கையையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கை கொஞ்சம்கூட நகரவில்லை. எடுத்துப் பார்த்தால் கிண்ணத்தில் ஒன்றுமில்லை, ஒட்டிக்கொண்டிருந்த கீரையைத் தவிர. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. என் புருஷனிடம் சொன்னேன். "நீயும் சேர்ந்து புத்தி பிசகாதே" என்றார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு சாயங்காலம் அவள் நிலையிலிருந்து எழுந்தவள், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவரு வந்துட்டாரு அண்ணி! வாசல்ல விழுந்து கிடந்தாரு. காலெல்லாம் புண்ணு, எலும்பு தெரியுது. காட்டு வழியா ஓடி வந்திருக்காரு. நான் இருந்தேன் அண்ணி, வீட்டுல இருந்தேன்! நான்தான் கதவைத் திறந்தேன். இனிமே நீங்க எனக்குக் குடுக்கற கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியா குடுங்க. அவருக்கு வேற ஒண்ணும் இல்ல."

அன்றுதான் எனக்குக் கஞ்சி எங்கே போகிறது என்று புரிந்தது. நான் அவளை நம்பினேன். ஏன் நம்பினேன் என்று கேட்டால், மூடிய கிண்ணத்தின் மேல் கைவைத்திருந்தவள் நான். கேட்டவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் காரணம் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன் சயாமிலிருந்து தப்பி வந்து மந்தினில் ஒளிந்திருந்த ஒரு ஆள், அமிர்தலிங்கம் இருந்த முகாமில் பேதி வந்து எல்லோரும் செத்தார்கள், குடிசைகளோடு சேர்த்து எரித்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தான். என் புருஷன் அதை அவளிடம் சொல்லாமல் மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். செத்தவன் எப்படி வருவான்? வந்தால் எதற்கு வருவான்?

"அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கான்" என்றார் கோயில் பூசாரி.

அதற்குப் பிறகு அவள் உட்காருவது மத்தியானத்தோடு நிற்கவில்லை. பகல் முழுக்க நிலையிலேயே கிடந்தாள். முழங்கை எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. தலைமுடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. நான் கிண்ணம் கிண்ணமாகக் கஞ்சி வைத்தேன், எங்கள் பங்கையும் வைத்தேன், எல்லாம் போனது. அவள் வயிற்றுக்குள் ஒரு வாய்கூட இறங்கவில்லை. "நீயும் ஒரு வாய் குடிடி" என்று கெஞ்சினேன். "அவருக்குக் கால் கொஞ்சம் ஆறிட்டு வருது அண்ணி. எழுந்து உட்கார்ந்தா நான் குடிக்கறேன்" என்றாள். இப்படியே போனால் அவர் எழுந்து உட்காருவதற்குள் இவள் படுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

பூசாரிதான் வழி சொன்னார். 'வாரேன்' என்று அவள் சொல்லிவிட்டு வந்த சொல் அவளை அந்த ஊரோடு கட்டி வைத்திருக்கிறது. அதே வாயால் அவள் அந்த ஊரிடம் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் கட்டு அறுந்துவிடும். அவள் இங்கே இருக்கும்போது சொல்லிப் பயனில்லை. அங்கே இருக்கும்போது சொல்ல வேண்டும்.

நான் என் புருஷனிடம் சண்டைக்கு நின்றேன். "ஒரு நடை போய் வீட்டைப் பார்த்துட்டு வாங்க. அதுக்கப்புறம் எதையும் பண்ணுங்க."

"ரோட்டுல ஆம்பளையைக் கண்டா லாரியில ஏத்தறான். நான் சயாமுக்குப் போறதுல உனக்கு அவ்வளவு ஆசையா?"

"அப்ப நான் போறேங்க."

சொன்ன பிறகுதான் என் வாயில் என்ன சொல் வந்தது என்று எனக்கே உறைத்தது. அவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. "பார்த்தியா, வீட்டுல எல்லாருக்கும் அந்தச் சனியன் தொத்திக்கிச்சு" என்றார். என்னைப் போக விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. உடன்பிறந்தவள் கண்ணெதிரே கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு எந்த அண்ணன் சும்மா இருப்பான்?

அடுத்த நாள் மத்தியானம் ரப்பர் கொட்டைகள் வெடித்துக்கொண்டிருந்தன. ராக்கம்மா வழக்கம்போல நிலையில் சாய்ந்திருந்தாள். அன்றைக்கு முருங்கைக் கீரை போட்டு, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கைப்பிடி அரிசியையும் போட்டுக் கஞ்சி காய்ச்சிப் பக்கத்தில் வைத்திருந்தேன். பூசாரி திருநீற்றோடு முற்றத்தில் நின்றார். என் புருஷன் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து கூப்பிட்டார். தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசியில் அவள் உதடு மட்டும் அசைந்தது. கண் எங்கோதான் இருந்தது.

"இரு அண்ணே. பாதிக் கஞ்சிதான் குடிச்சிருக்காரு. ஊட்டிட்டு வாரேன்."

"அவன் செத்துட்டான் ராக்கு! சாம்பலாப் போயிட்டான்! அங்கே இருக்கறது மனுஷன் இல்ல, வந்துடு!"

"மடியில தலை வச்சிருக்காரு. சூடா இருக்காரு. கத்தாதே, பயப்படறாரு."

"போறியா, இருக்கியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு! அவன்கிட்டப் போறியா, எங்ககிட்ட இருக்கியா?"

அவளுக்குக் கோபம் வந்தது. அவளுடைய பழைய கோபம், எனக்குத் தெரியும். மூக்கு விடைத்தது. நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தியிருப்பேன், ஆனால் பூசாரி குறுக்கே நின்றார்.

"போறேன் போ!" என்றாள்.

அண்ணனுக்குச் சொன்ன பதில் அது. உன்னைவிட எனக்கு அவர்தான் என்று சொன்னாள். ஆனால் அவள் வாய் இரண்டு இடத்தில் இருந்தது. அங்கே அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளும் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பாள். தெமியாங் வீட்டுக்குள், அந்த அடுப்புக்கும் கதவுக்கும் கேட்க, அவருடைய காதுக்கு நேரே.

ரப்பர் கொட்டைகள் வெடிப்பது சட்டென்று நின்றது. இதை நான் கற்பனை செய்யவில்லை, பூசாரியும் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். ராக்கம்மாவின் கண் திரும்பி வந்தது. எங்களைப் பார்த்தது. சுற்றிலும் கையால் தரையைத் தடவினாள், எதையோ தொலைத்தவள்போல.

"எங்கே? வீடு எங்கே? அண்ணி, வீடு தெரியலையே! அவரு தலை நழுவிடுச்சு அண்ணி!" என்று அலறினாள்.

பூசாரி திருநீறு பூச வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன். அவள் எழுந்து ஓடினாள். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவள் எப்படி ஓடினாள் என்று எனக்குத் தெரியாது. நானும் பின்னால் ஓடினேன். என் புருஷன் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. அவரும் தோட்டத்து எல்லைவரை வந்துவிட்டு, பெரிய சாலையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

மந்தின் சாலையில் மரவள்ளி ஏற்றிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறியது. ஓட்டியவன் ஒரு சீனன். அவள் முகத்தைப் பார்த்தான், இருவரையும் ஏற்றிக்கொண்டான். ஜப்பான்காரனின் காவல் கொட்டகையில் இறங்கிக் குனிந்து கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டோம். கிழங்கு மூட்டைமேல் அவள் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மலை இறங்கி ஊர் தெரிய ஆரம்பித்ததும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அவ்வளவு பீற்றிக்கொண்ட ஊர், கூரைகளும் கோயிலும் ஸ்டேஷனும் எதிரே விரிந்து கிடந்தது. முன்பின் தெரியாத இடத்தைப் பார்ப்பவளைப்போலப் பார்த்தாள்.

அந்தச் சாலையில் அவள் சிரம்பானுக்குப் போனது அதுதான் கடைசி. பிறகு நெடுங்காலம் எங்களோடு வாழ்ந்தாள். ஜப்பான் சண்டை முடிந்தது, அரிசி வந்தது, தோட்டத்து வாசலிலேயே பஸ் நின்றது. கல்யாணம், கருமாதி, திருவிழா எதற்கும் அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. யாராவது போய்விட்டு வந்து அந்த ஊர்ப் பேச்சை எடுத்தால், எழுந்து உள்ளே போய்விடுவாள். அண்ணனோடு பேசினாள், சோறு போட்டாள், அவர் சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். அவர்தான் தங்கச்சியைக் காப்பாற்றினார் என்று தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அது பொய் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அவள் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனால் என் முன்னால் யாரும் அதைச் சொல்ல நான் விட்டதில்லை.

அன்று தெமியாங்கில் நாங்கள் இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. சந்து முழுக்கச் சாத்திய கதவுகள். அவள் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்த ஈரம் இருந்தது. நான் முதலில் உள்ளே போனேன். அவளை முதலில் விட எனக்குப் பயமாக இருந்தது.

அமிர்தலிங்கம் பாயில் கிடந்தார். சாம்பல் இல்லை, பேய் இல்லை. காலில் புண், அதன்மேல் சுத்தமான துணிக்கட்டு, குழிந்த வயிறு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. தலை தலையணையில் இல்லாமல் வெறுந்தரையில் ஒருக்களித்துக் கிடந்தது, மடியிலிருந்து நழுவியதைப்போல. தலைமாட்டில் ஒரு கிண்ணம். அதில் பாதிக் கஞ்சி, முருங்கைக் கீரையும் அரிசியுமாக. நான் காய்ச்சிய கஞ்சி. எப்போதோ ஆறியிருக்க வேண்டியது, ஆவி பறந்துகொண்டிருந்தது.

ராக்கம்மா அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"போறேன்னு சொன்னியே ராக்கு" என்றார். குரல் காற்றாக வந்தது. "நீ அப்படிச் சொல்லமாட்டியே."

"உங்களை இல்லைங்க. உங்களைச் சொல்லலைங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். கையைத் தூக்கி அவள் கன்னத்து எலும்பைத் தொட்டார்.

"இப்பத்தானே எழுந்து போனே. அதுக்குள்ள எப்படி இவ்வளவு இளைச்சே?"

அவள் கிண்ணத்தை எடுத்து அவர் வாயில் ஊற்றினாள். கஞ்சி உள்ளே இறங்கவில்லை, கடைவாய் வழியாக வழிந்தது. மறுபடி ஊற்றினாள். மறுபடி வழிந்தது. இத்தனை நாள் இந்த வீட்டிலிருந்த மற்றவள் கையிலிருந்து இறங்கிய கஞ்சி, இவள் கையிலிருந்து இறங்க மறுத்தது. நான் வாங்கி ஊட்டிப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான்.

"நீ குடி" என்றார் அவர்.

"நீங்க குடிங்க. கொஞ்சம்தாங்க, எனக்காகக் குடிங்க."

"இத்தனை நாளும் நீ ஒரு வாய் குடிச்சு நான் பார்க்கலை. எனக்கே குடுத்துட்டு உட்கார்ந்திருந்தே. குடி ராக்கு, நான் பார்க்கணும்."

அப்போது அவளுக்குப் பசி வருவதை நான் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ நாளாக வராத பசி ஒன்றாகச் சேர்ந்து வந்தது. மூக்கு கஞ்சி வாசனையைப் பிடித்தது, தொண்டை ஏறி இறங்கியது. வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கினாள். அழுதுகொண்டே குடித்தாள். ஒரு பருக்கை விடாமல், விரலால் வழித்துக் குடித்தாள். அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் போய் அவர் கண்ணை மூடினேன்.